தரைக்கு நல்ல நாள்

தைப் பொங்கலன்று எங்கள் தெருவில் பானை பொங்கும் நேரத்துக்கு நான் பெரும்பாலும் வீட்டில் இருந்ததில்லை. திருப்பூர் ரோட்டில் ஏதாவது ஒரு பனியன் கம்பெனியின் காலி ஹாலில் முட்டி போட்டுத் தரையைச் சுரண்டிக்கொண்டிருப்பேன். பவர் டேபிள்களையெல்லாம் ஒரு மூலையில் ஒதுக்கிப் பாலிதீன் போர்த்தியிருக்கும். மத்தியானம் பையன் தூக்குப்போசியில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவருவான். நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மறுபடி கிரைண்டரைப் போடுவோம்.

தாராபுரத்தில் தரைக்குப் பெயிண்ட் அடிப்பது என் தொழில். "பெயிண்டருங்களா?" என்று கேட்பவர்களிடம் "ஆமாங்க, சுவத்துக்கு இல்லீங்க, தரைக்கு" என்றால் ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். சுவரை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். ஆள் நடமாடும் தரையை அடிக்க முடியாது. மெஷின் நின்று, தையல்காரர்கள் ஊருக்குப் போய், ஹால் காலியாக வேண்டும். எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் அப்படி வருஷத்துக்கு இரண்டு முறைதான் நடக்கும்: தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று. அந்த இரண்டுமே தரைக்கு ஆகாத நாட்கள் என்பது எனக்கு உறைக்கப் பத்து வருஷமும் ஒரு பெரிய நஷ்டமும் தேவைப்பட்டன.

அப்பா கொத்தனார். தாராபுரத்தைச் சுற்றி அந்தக் காலத்தில் கட்டிய வீடுகளில் காவித் தரை போடுவதில் கை தேர்ந்தவர். மூன்று பங்கு சிமெண்டுக்கு ஒரு பங்கு ரெட் ஆக்சைடு. அடித்தளக் கலவை இறுகி முடிப்பதற்குள் இந்தக் குழம்பை மேலே விட்டு, மணியாசுக் கட்டையால் ஒரு தடவை, கரணையால் பல தடவை என்று இழைப்பார். முகம் தெரிகிற அளவுக்கு வந்த பிறகுதான் எழுந்திருப்பார். மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார். வாரம் பத்து நாள் அந்த அறைக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. கடைசியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பார்கள். அப்படிப் போட்ட தரைகள் நாற்பது, ஐம்பது வருஷம் கழித்தும் மினுமினுக்கின்றன.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் கலவையைப் பற்றியது இல்லை. "தரை வேலைக்காரன் பின்னால நடக்கப் பழகோணும் கண்ணு. வாசல் எங்க இருக்குன்னு பாத்துட்டுத்தான் முதல் கரண்டி போடோணும்" என்பார். இன்றைக்கும் புதுப் பையன் ஒருவன் ரோலரோடு மூலையில் மாட்டிக்கொண்டு முழிக்கும்போது அதுதான் ஞாபகம் வரும்.

அப்பாவின் வேலைக்கும் என் வேலைக்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் உண்டு. காவித் தரையில் நிறம் சிமெண்டோடு சேர்ந்து இறுகியிருக்கிறது. தேயும், வெடிக்கும், உரியாது. நான் போடுவது தரைமேல் ஒரு தோல். ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டாவிட்டால் அது ஒருநாள் கையோடு வந்துவிடும்.

நான் முதன்முதலில் பூசிய தோல் அப்படித்தான் வந்தது. ஒரு சின்ன குடோன். போட்டு மூன்று வாரம்கூட ஆகாத சிமெண்ட் தரை. இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற அதே எனாமலை அடித்தேன். காய்ந்ததும் கண்ணாடிபோல் இருந்தது. இரண்டு மாதத்தில் தோசையைப் புரட்டுவதுபோல் புரட்டி எடுக்கலாம் என்றாகிவிட்டது. அடிப்பக்கம் வழவழவென்று பிசுபிசுத்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. புது சிமெண்டில் சுண்ணாம்புக் காரம் அதிகம். எனாமலில் இருப்பது எண்ணெய். காரமும் எண்ணெயும் சேர்ந்தால் சோப்பு. எங்கள் ஊர்ச் சந்தையில் விற்கும் சோப்புக் கட்டி உண்டாகும் அதே வேதியியல் என் பெயிண்டுக்கு அடியில் நடந்திருக்கிறது.

எபாக்சிக்கு வந்தது அதற்குப் பிறகு. உடைந்த பொம்மைக்கும் செருப்புக்கும் இரண்டு டியூபைப் பிதுக்கிக் கலந்து ஒட்டுவோமே அரால்டைட், அதுவும் எபாக்சிதான். சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் 1946-ல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பிசினில் நிறம் சேர்த்து ட்ரம்மில் வந்தால் என் சரக்கு. ஒரு டப்பா பிசின், ஒரு டப்பா ஹார்டனர். கலந்துவிட்டால் திரும்ப வழி இல்லை.

சரக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கூலியில் முக்கால் பங்கு அதைத் திறப்பதற்கு முன்னால் செய்கிற வேலைக்குத்தான். தரையைப் பார்க்கப் போனால் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பேன். குடிக்க என்று நினைத்துக் கொடுப்பார்கள். அங்கங்கே சொட்டுச் சொட்டாகத் தரையில் விடுவேன். தண்ணீர் உறிஞ்சி அந்த இடம் கறுத்தால் தரை வாயைத் திறந்து வைத்திருக்கிறது. தாமரை இலையில் உருள்வதுபோல் நின்றால் மேலே எண்ணெயோ மெழுகோ இருக்கிறது. நிட்டிங் மெஷின் நின்ற இடங்களில் இது நிச்சயம். ஊசிக்கு விடுகிற எண்ணெய் வருஷக்கணக்கில் சொட்டி அரை அங்குலம்வரை கீழே இறங்கியிருக்கும். மேலே துடைத்தால் போகாது. டீகிரீசர் போட்டுத் தேய்த்து, சுடுதண்ணீர் விட்டு, மறுநாள் பார்த்தால் அடியிலிருந்து மறுபடி கசிந்திருக்கும். மூன்று நாள் இப்படி மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துப் புதுக் கலவை போட்ட இடங்கள் உண்டு.

அடுத்த எதிரி பால். கான்கிரீட் போட்டு அழுத்தி இழைக்கும்போது தண்ணீரோடு மேலே மிதந்து வரும் மெல்லிய சிமெண்ட் படலம் அது. பார்க்க வழுவழுப்பாக இருக்கும், பலம் இருக்காது. அதன்மேல் பெயிண்ட் அடித்தால் பெயிண்ட் பாலைப் பிடித்துக்கொள்ளும், பால் தரையை விட்டுவிடும். இப்போது பெரிய கம்பெனிகளில் போடும் ட்ரிமிக்ஸ் தரையில் மெஷின் வைத்துத் தேய்த்துத் தேய்த்து மேல்பரப்பை இறுக்கிவிடுகிறார்கள். பளபளப்பைப் பார்த்து முதலாளிக்குச் சந்தோஷம். பிசின் உள்ளே இறங்க ஒரு துவாரம் இல்லையே என்று எனக்குக் கவலை.

முன்பெல்லாம் இதற்கு ஆசிட்தான். தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். தரையில் விட்டதும் நுரைத்துப் பொங்கும். நுரை அடங்கியதும் சோடா போட்ட தண்ணீரால் கழுவி, மறுபடி நல்ல தண்ணீரால் இரண்டு முறை கழுவ வேண்டும். ஒரு கம்பெனியில் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன், ஜன்னலைத் திறக்க மட்டும் மறந்தேன். லீவு முடிந்து வந்த மெக்கானிக் என்னைக் கூப்பிட்டு ஒரு டப்பாவைக் காட்டினார். தையல் ஊசிகள், ஸ்க்ரூ, ஸ்பேனர் எல்லாம் செம்மண் நிறத்தில் துரு. ஆசிட் புகை ஹால் முழுக்க உலாவி இரும்பையெல்லாம் தின்றிருக்கிறது. அந்த ஊசிகளுக்கு என் கூலியில் பிடித்தார்கள். நியாயம்தான்.

இப்போது வைரப் பல் வைத்த கிரைண்டர். அரைத்து முடித்த தரையை உள்ளங்கையால் தடவினால் 80 நம்பர் உப்புத்தாளைத் தொட்டதுபோல் இருக்க வேண்டும். அதில் வேறு ஆபத்து. பறக்கிற தூசியில் சிலிக்கா இருக்கிறது. கல் உடைக்கிறவர்களின் நுரையீரலை இறுக்கிக் கொல்கிற அதே தூசி. ஆரம்பத்தில் வாயில் துண்டு கட்டிக்கொண்டு அரைத்தோம். துண்டு அதற்குக் காணாது. தூசி உறிஞ்சும் மெஷினும் சரியான மாஸ்க்கும் இல்லாமல் என் ஆட்கள் யாரும் இப்போது கிரைண்டரைத் தொடுவதில்லை.

விரிசலை வி எழுத்துப்போல் வெட்டித் திறந்து, எபாக்சியில் மணல் கலந்து அடைப்போம். ஆனால் கட்டும்போதே வேண்டுமென்று விட்ட இடைவெளிகளைக் கெட்டியாக அடைக்கக் கூடாது. வெயிலுக்கும் பனிக்கும் தரை நீளும், சுருங்கும். அந்தக் கோட்டில் ரப்பர்போல் இழுபடும் சீலன்ட் வைக்க வேண்டும். "எதுக்குங்க இந்தக் கோடெல்லாம்? மூடிட்டா ஒரே ஷீட்டாட்டம் இருக்குமில்ல?" என்று கேட்காத முதலாளி இல்லை. மூடினால் பக்கத்திலேயே தரை தன் கோட்டைத் தானே போட்டுக்கொள்ளும்.

இனி ஈரம். என் பெரிய நஷ்டம் இங்கேதான்.

கான்கிரீட் மேலே உலர்ந்து தெரியும், உள்ளே நனைந்திருக்கும். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. 18 அங்குலச் சதுரத்தில் ஒரு பாலிதீன் துண்டைத் தரையில் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்ட வேண்டும். குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். 500 சதுர அடிக்கு ஒரு துண்டு. உரிக்கும்போது பாலிதீனின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ தரை இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதன்மேல் எபாக்சியைப் போட்டு மூடினால் கீழிருந்து வருகிற ஈரம் போக வழியில்லாமல் தோலைத் தூக்கும்.

இது எனக்குத் தெரியாத காலத்தில் நடந்ததல்ல. தெரிந்தே நடந்தது. ஒரு தீபாவளி லீவு. ஐப்பசி மழை நாலு நாளாக விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. கீழ்த்தளம், கான்கிரீட்டுக்கு அடியில் பாலிதீன் விரிக்காமல் போட்ட தரை. சாயங்காலம் நாலு துண்டு ஒட்டிவிட்டுப் போனேன். காலையில் முதல் துண்டை உரித்தேன். டம்ளரில் ஐஸ் தண்ணீர் வைத்தால் வெளியே வேர்க்குமே, அதுபோல் வேர்த்திருந்தது. மற்ற மூன்றும் அப்படியே. ஹாலில் நானும் ஒரு ஹெல்ப்பரும் மட்டும். முதலாளி போனில், "அஞ்சு நாள்ல ஆளுக வந்துருவாங்க, ஷிப்மெண்ட் நிக்குது, முடிச்சிருவீங்கல்ல?" என்றார். நான் பாலிதீனைச் சுருட்டிப் பையில் வைத்தேன். "முடிச்சரலாமுங்க" என்றேன்.

முடித்தேன். தை மாதக் கடைசியில் கூப்பிட்டார்கள். தரையில் எட்டணா அளவில் கொப்புளங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஒன்றைக் குத்தினேன். உள்ளிருந்து தண்ணீர் பீய்ச்சி விரலில் பட்டது. வழுக்கியது, லேசாக எரிந்தது. காரத் தண்ணீர். மொத்தத்தையும் என் செலவில் அரைத்து எடுத்து, பங்குனியில் மறுபடி போட்டுக்கொடுத்தேன். அந்த வருஷம் வீட்டில் ஒரு நகை அடகுக்குப் போனது. கம்பெனிக்காரர் கடைசிவரை பெயிண்ட் மட்டமான சரக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாயப்பட்டறைத் தரைகளில் இந்தத் தொல்லை இரட்டிப்பு. பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பும் சோடாவும் மூட்டை மூட்டையாகப் போகின்றன. உப்புத் தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கி, காயும்போது பரலாக விளையும். பரல் வளர்கிற வேகத்தில் மேலே இருக்கும் எதையும் தள்ளிவிடும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டுக் கிடந்த சமயத்தில் ஒரு பட்டறைத் தரையைப் பார்க்கப் போயிருந்தேன். ஈரம் வற்றிய தரையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, மாசியில் உப்பளத்தைப் பார்ப்பதுபோல். கழுவக் கழுவ மறுபடி பூத்தது. வேலை வேண்டாம் என்று சொல்லித் திரும்பி வந்தேன்.

அந்த நஷ்டத்துக்குப் பிறகுதான் தாராபுரத்துப் பஞ்சாங்கம் ஒன்றை நானே எழுதிக்கொண்டேன். ஐப்பசி, கார்த்திகை மழை, தரை ஈரம். மார்கழி, தை பனி. பனியின் தொல்லை நுட்பமானது. தரையின் சூடு, காற்று பனியாகக் கோக்கிற சூட்டைவிட 3 டிகிரியாவது கூட இருக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத ஈரம் பெயிண்டில் இறங்கும். ஹார்டனர் அந்த ஈரத்தோடும் காற்றில் உள்ள கரியமில வாயுவோடும் சேர்ந்து, காலையில் பார்த்தால் மேலே வெண்ணெய் தடவினாற்போல் ஒரு படலம். அதைச் சுடுதண்ணீரில் தேய்த்துக் கழுவாமல் அடுத்த கோட்டிங் அடித்தால் இரண்டும் ஒட்டாது. இப்போது வெப்பம் பார்க்கிற கருவி வைத்திருக்கிறேன். அதற்கு முன்பு, வெளியே நிற்கும் வண்டி சீட்டைத் தடவிப் பார்ப்பேன். சீட் நனைந்திருந்தால் பத்து மணிவரை டப்பாவைத் திறப்பதில்லை.

சித்திரை, வைகாசியில் ஈரப் பிரச்சினை இல்லை, நேரப் பிரச்சினை. கலந்த எபாக்சி சாதாரண நாளில் அரை மணி, முக்கால் மணி தாங்கும். எங்கள் ஊர் வெயிலில் அதில் பாதிகூட நிற்காது. கலந்த வாளியை அப்படியே வைத்துவிட்டு ஹெல்ப்பர் டீ குடிக்கப் போனான் ஒருநாள். திரும்பி வரும்போது வாளியிலிருந்து புகை. பிசினும் ஹார்டனரும் சேரும்போது பிறக்கிற சூடு குவியலாக இருந்தால் வெளியேறாது, ஏறிக்கொண்டே போகும். பிளாஸ்டிக் வாளி இளகிச் சாய்ந்தது. கலந்த உடனே தரையில் ஊற்றிப் பரப்பிவிட்டால் அதே சரக்கு நிதானமாக இறுகும்.

ஆனி, ஆடியில் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றை நம்பித்தான் எங்களைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்கின்றன. காற்றாலைக்காரருக்கு அறுவடை, எனக்குப் புழுதி. ஈரமான மேல்கோட்டில் ஒரு கை மண் விழுந்தால் அவ்வளவுதான். நூல் மில்லாக இருந்தால் மண்ணோடு பஞ்சும்.

மீதி இருப்பது மாசி, பங்குனி. அப்புறம் காற்று அடங்கி மழை தொடங்குவதற்குள் ஆவணி, புரட்டாசியில் சில வாரங்கள். தரைக்கு நல்ல நாள் அதுதான். கம்பெனி விடாமல் ஓடுகிற நாளும் அதுதான். ஆகவே இப்போது நான் லீவு நாளுக்கு மொத்த ஹாலையும் ஒப்புக்கொள்வதில்லை. "பாதிப் பாதியாப் பிரிச்சுக் கொடுங்க, நடுவுல பாலிதீன் திரை கட்டிக்கறேன்" என்பேன். ஒரு பாதி இறுக ஒரு வாரம். அதுவரை நடக்கலாம், ட்ராலி தள்ளக் கூடாது. பாதிப் பேர் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்கள். போகட்டும்.

சதுர அடிக் கணக்கில் விலை பேசுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. தின்னர் கலக்காத எபாக்சி 1 லிட்டர், 100 மைக்ரான் கனத்தில் 10 சதுர மீட்டருக்கு வரும். நம் கணக்கில் ஒரு சதுரத்துக்குக் கொஞ்சம் கூட. 100 மைக்ரான் என்பது நோட்டுத் தாளின் கனம். ட்ராலி ஓடுகிற தரைக்கு அது போதாது. மூன்று தாள் கனமாவது வேண்டும். ஒரே லிட்டரில் இரண்டு சதுரம் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், பாதித் தாளை விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்த வெளிக்கும் எபாக்சி ஆகாது. காங்கேயத்தில் ஒருவர் கொப்பரை காயப்போடும் களத்துக்குக் கேட்டார். வெயில் பட்டால் மஞ்சளாகி மாவாக உதிரும், உங்கள் களத்துக்கு வெறும் சிமெண்டே நல்லது என்று சொல்லி அனுப்பினேன்.

எல்லாம் முடிந்த பிறகு கடைசி வேலை மஞ்சள் கோடு. நடைபாதை எது, துணி அடுக்கும் இடம் எது என்று பிரிக்கிற கோடு. தரையில் தடங்கலோ வழுக்கலோ இருக்கக் கூடாது என்று 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. ஆனால் 2012 நவம்பரில் வங்கதேசத்தின் தஸ்ரீன் ஆலைத் தீயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகுதான் வெளிநாட்டு பையர்களின் ஆடிட்டில் இந்தக் கோட்டுக்கு வந்த மரியாதையை நான் பார்த்தேன். ஆடிட்டுக்கு முந்தின நாள் ராத்திரி வந்து கோடு மட்டும் போட்டுத்தரச் சொல்வார்கள். டேப் ஒட்டி, அடித்து, டேப்பை உரித்தால் நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கும். ஒரு வாரம் கழித்து அந்த வழியே போனால் கோட்டின்மேல் பீஸ் கட்டுகள் அடுக்கியிருக்கும். என் வேலை கோடு போடுவதோடு முடிந்துவிடுகிறது என்றாலும், அவசரத்தில் ஓட வேண்டியவர்கள் எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் போய்வரும் பெண்கள் என்பதால் வாயை மூடிக்கொண்டு வர முடிவதில்லை. இரண்டு இடங்களில் சொல்லி, இரண்டிலும் வேலை போனது.

ஹார்டனர் பட்டுப்பட்டு என் விரல் இடுக்குகள் வெடித்துவிட்டன. டாக்டர் அலர்ஜி என்றார், ஒருமுறை வந்தால் பிறகு துளி பட்டாலும் அரிக்கும் என்றார். அதனால் நான் இப்போது கலப்பதில்லை. பையன் கையுறை போட்டுக்கொண்டு கலக்கிறான். நான் பாலிதீன் ஒட்டுகிறேன்.

ஒட்டுவதிலும் ஒன்றை மாற்றிக்கொண்டேன். மறுநாள் காலையில் அதை நான் உரிப்பதில்லை. முதலாளியை வரச்சொல்லி அவர் கையாலேயே உரிக்க வைக்கிறேன். வேர்த்திருந்தால் அவரே பார்த்துக்கொள்கிறார். எனக்குப் பொய் சொல்ல வாய்ப்பு இல்லாமல் போகிறது.

தரைக்குப் பெயிண்ட் அடிக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கும் அதையேதான் சொல்வேன். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு பாலிதீன் துண்டும் ஒரு டேப்பும் வாங்கி ஒரு ராத்திரி ஒட்டி வையுங்கள். காலையில் நீங்களே உரித்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் யார் அவசரப்படுத்தினாலும் மாசி வரைக்கும் பொறுங்கள்.